துயிலும் முனையங்கள்: மலையகத்து ஒளியிழை இணைப்புகளில் மின் சிக்கனம்

தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து சந்தாதாரரின் வீடு வரை நீளும் கடைசிக் கட்ட இணைப்பை அணுகு வலையமைப்பு என்பர். செப்புக் கம்பி இருந்த இடத்துக்கு ஒளியிழை வந்த பின்னர், இக்கட்டத்தில் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலையத்தை விட்டு வீடுகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. சுவரில் மாட்டப்பட்டு, வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னரும் விளக்குகள் எரிய விழித்திருக்கும் சிறு பெட்டிகளே இன்று அதன் முதன்மை நுகர்வோர். இணைப்பு அறுபடாதவாறு, வேலையில்லாத கணங்களில் மட்டும் அப்பெட்டிகளை உறங்கவைக்கும் முறைகள் சர்வதேச நியமங்களில் எழுதப்பட்டு ஒரு தசாப்தத்துக்கு மேலாகிறது. ஒரு பெட்டியில் மிஞ்சுவது சில வாட் மட்டுமே என்பதால் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது எங்கும் வழக்கமாகியிருக்கிறது. ஆனால் மின்சாரம் பிறக்கும் நீர்த்தேக்கங்களும், அலகு பார்த்து மின் செலவழிக்கும் லயன் குடும்பங்களும், மண்சரிவோடு கரண்ட் போகும் பாதைகளும் ஒருசேர அமைந்த இலங்கையின் மத்திய மலைநாட்டில் அந்தச் சில வாட்டின் பெறுமதி வேறாகிறது என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்தாகும்.

வீடுகளுக்கு வரும் ஒளியிழை பெரும்பாலும் செயலறு ஒளியிழை வலையமைப்பு என்னும் வகையைச் சேர்ந்தது. நிலையத்தில் உள்ள ஒரு முனையத்திலிருந்து புறப்படும் தனியோர் இழை, வழியில் பிரிப்பான் எனப்படும் கண்ணாடிக் கூறொன்றினால் 32 ஆகவோ 64 ஆகவோ கிளைத்து, வீடுகளைச் சென்றடைகிறது. பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதாலேயே இதற்குச் செயலறு என்ற அடைமொழி வந்தது. 2003 ஆம் ஆண்டு முதல் வெளியான ஜி.984 நியமத் தொடரின்படி அமைந்த ஜிபொன் வகையில், நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி 1490 நனோமீற்றர் அலைநீள ஒளியில் செக்கனுக்கு 2.488 கிகாபிட் தரவும், எதிர்த்திசையில் 1310 நனோமீற்றரில் 1.244 கிகாபிட் தரவும் செல்லும். இந்த நியமத்தின் வழக்கமான எல்லை 20 கிலோமீற்றர் என்பதால், ஹற்றனில் உள்ள ஒரு முனையத்திலிருந்து டிக்கோயாவையும் நோர்வூட்டையும் இடைவழியில் மின்சாரமுள்ள எந்தக் கருவியும் இன்றி எட்டிவிடலாம். தேயிலை மலைகளுக்கு நடுவே, மழையிலும் மூடுபனியிலும் பராமரிக்க வேண்டிய தெருப்பெட்டிகள் இல்லாமற் போவது பெரிய நன்மை.

எனினும் அதே அமைப்பில் ஒரு விரயமும் உள்ளடங்கியிருக்கிறது. கீழ்நோக்கி வரும் ஒளி எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. 125 மைக்ரோசெக்கனுக்கு ஒன்றாக வரும் தரவுச் சட்டங்கள் அனைத்தையும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் முழு வேகத்தில் பெற்று, பிரித்துப் பார்த்து, தனக்குரியதை எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுகிறது. ஒரு குடும்பம் மாலையில் இரண்டு திரைகளில் காணொளி பார்ப்பதாகவும் அதற்குச் செக்கனுக்கு 10 மெகாபிட் போதும் என்றும் கொண்டால், ஒரு செக்கனுக்குத் தேவையான முழுத் தரவும் அந்த இழையின் வேகத்தில் 4 மில்லிசெக்கனில் வந்து சேர்ந்துவிடும். எஞ்சிய 996 மில்லிசெக்கனும் பெட்டி அயலாரின் தரவைக் கேட்டுக் கழித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நள்ளிரவு மட்டுமே வேலையற்ற நேரம் என்று எண்ணுவது பிழை. பாவனை உச்சத்தில் இருக்கும் மாலையிலும் செக்கனின் பெரும்பகுதி வெறுமையாகவே கழிகிறது. துயில் நிலைகளின் அடிப்படை இந்த எளிய கணக்கே.

மேல்நோக்கிய திசையில் ஒழுங்கு வேறு. அங்கே வீடுகள் முறை வைத்துப் பேசுகின்றன. எந்தப் பெட்டி எந்தக் கணத்தில் ஒளி அனுப்பலாம் என்பதை நிலைய முனையம் ஒவ்வொரு சட்டத்திலும் அறிவிக்கிறது. ஒளி இழையில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கன் ஆகும் என்பதால், நகரத்து வீட்டின் ஒளியும் தொலைவிலுள்ள தோட்டத்து வீட்டின் ஒளியும் மோதிக்கொள்ளாதபடி ஒவ்வொரு வீட்டின் தூரமும் முன்கூட்டியே அளக்கப்பட்டு, அதற்கேற்ற தாமதம் பெட்டிக்கு ஒதுக்கப்படுகிறது. பெட்டியை உறங்கவிடுவதில் உள்ள நுட்பம் இந்த அளவீட்டையும் அடையாள எண்ணையும் இழக்காமல் உறங்கவிடுவதில் தங்கியிருக்கிறது.

2009 ஆம் ஆண்டு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி தொடரின் 45 ஆம் துணை ஆவணத்தில் இதற்கான வழிகளைத் தொகுத்தது. முதலாவது, பெட்டி பற்றரியில் இயங்கும்போது தொலைபேசி போன்ற இன்றியமையாத சேவையை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய இணைப்புத் துறைகளை நிறுத்துவது. இதனை மின் குறைப்பு எனலாம். அடுத்தது அரைத்துயில்: ஒளி அனுப்பும் பகுதி அணைந்திருக்க, பெறும் பகுதி விழித்திருக்கும். மூன்றாவதான சுழற்சித் துயிலில் இரு பகுதிகளும் குறித்த காலத்துக்கு அணைந்து, பின் சிறிது நேரம் விழித்து, தமக்கென ஏதும் காத்திருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் அணையும். ஆழ்துயிலில் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் அழைப்பும் எட்டாது. பின்னர் 10 கிகாபிட் வேகத்துக்கென வந்த ஜி.987 நியமம் அரைத்துயிலையும் சுழற்சித் துயிலையும் முறைப்படுத்தியது. இரண்டையும் இணைத்து, உறக்கத்தின் இடையிடையே பெறும் பகுதி மட்டும் ஒரு கணம் திறந்து எழுப்பும் குறி உண்டா என்று பார்க்கும் விழிப்புத் துயில் என்ற வகை அதன் பிற்பட்ட பதிப்பில் சேர்ந்தது. ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் ஈதர்நெட் வழிவந்த ஒளியிழை முறைக்கும் 2013 இல் வெளியான 1904.1 நியமம் இத்தகைய ஏற்பாட்டை வழங்கியது.

உறக்கத்தின் நீளத்தைத் தீர்மானிப்பதிலேயே பொறியியலாளரின் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. விழித்தெழும் பெட்டி உடனே பயன்படாது. உள்வரும் ஒளித்துடிப்புகளின் தாளத்தோடு தன் கடிகாரத்தை மீண்டும் பொருத்திக்கொள்ளச் சாதாரணப் பெட்டிகளுக்குச் சில மில்லிசெக்கன்கள் ஆகும், அந்நேரத்தில் மின்சாரமும் முழு அளவில் செலவாகும். விழிப்புக்கு 5 மில்லிசெக்கன் தேவையாக, உறக்கம் 10 மில்லிசெக்கன் மட்டுமே என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு காலம் எழும்புவதிலேயே கழியும். உறக்கத்தை 100 மில்லிசெக்கன் ஆக்கினால் அவ்விரயம் இருபதில் ஒரு பங்குக்குக் குறையும், ஆனால் வெளியிலிருந்து வரும் முதல் தரவு நிலைய முனையத்தில் 100 மில்லிசெக்கன் வரை காத்திருக்க நேரும். தொலைபேசி மணி அடிப்பது அவ்வளவு தாமதித்தால் எவருக்கும் தெரியாது. உரையாடல் தொடங்கிய பின்னரோ குரல் பொதிகள் வழக்கமாக 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக இரு திசையிலும் செல்லும் என்பதால், அந்நேரத்தில் நீண்ட உறக்கம் பொருந்தாது. வீட்டிலிருந்து வெளியே செல்லும் தரவைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. பெட்டி தன் வாசலில் தரவு வந்ததும் தானே எழுந்துகொள்ளும் உரிமையை நியமம் அதற்கு அளித்துள்ளது. நிலைய முனையமும் இதற்கேற்பப் பழக வேண்டும்; ஒரு பெட்டி தொடர்ந்து நான்கு முறை பதிலளிக்காவிட்டால் இணைப்பு அறுந்ததாக எச்சரிக்கை எழுப்பும் வழக்கத்தை அது உறங்கும் பெட்டிக்கு மட்டும் தளர்த்த வேண்டும், அவசரமெனில் சட்டத்தின் தலைப்பகுதியில் கட்டாய எழுப்புக் குறியை இட வேண்டும்.

ஒளிப்பகுதி எவ்வளவு ஆழ்ந்து உறங்கினாலும், அதே பெட்டியில் அடங்கிய வைஃபை வானொலி விழித்திருந்தால் சேமிப்பின் பாதி கைநழுவும் என்பதை விற்பனைத் துண்டறிக்கைகள் சொல்வதில்லை. வைஃபை நியமத்தில் கைத்தொலைபேசி உறங்க வழியுண்டு; அதற்குச் சேவை வழங்கும் ரவுட்டரோ வழக்கமாக ஒவ்வொரு 102.4 மில்லிசெக்கனுக்கும் தன் இருப்பை ஒலிபரப்பியாக வேண்டும். எனவே இரவு 11 மணிக்குப் பின் இணைந்த கருவி எதுவும் இல்லாவிடின் வைஃபையை நிறுத்தி, ஒளிப்பகுதியைச் சுழற்சித் துயிலில் விட்டு, தொலைபேசித் துறையை மட்டும் காத்துநிற்கும் ஒரு கூட்டு ஏற்பாடே பயன் தரும்.

இனி மலைநாட்டின் கணக்குக்கு வரலாம். நீர்மின் உற்பத்திக்கு இலங்கையில் வழிகாட்டிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1912 இல் நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார்; 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில் மலையாறுகளின் மின் வளத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் லக்ஷபான நீர்மின் திட்டத்தின் முதற் கட்டம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான நிலையங்களையும், மவுசாகலையின் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான நிலையங்களையும் கடந்து, பின் இரண்டும் ஒன்றாகிப் பொல்பிட்டியவில் மீண்டும் சுழலிகளைச் சுற்றுகின்றன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலையின் அடியில் கிடக்கிறது. அத்தேக்கங்களின் கரைகளில் கொழுந்து பறித்தவர்களின் லயன்களுக்கு, தலைக்கு மேலால் உயரழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கிச் சென்ற பின்னரும் பல தசாப்தங்கள் மின்சாரம் எட்டவில்லை என்பது இந்நாட்டின் மின் வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கம்.

ஒரு கன மீற்றர் தண்ணீர் 400 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, நல்ல சுழலியொன்றைச் சுற்றினால் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, கிடைக்கும். வீட்டு ஒளியிழைப் பெட்டி 8 வாட் செலவழிப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு அது 70 அலகு. அதாவது ஒரு பெட்டி ஆண்டு முழுவதும் விழித்திருக்க, மலையுச்சியிலிருந்து 70 கன மீற்றர் நீர் இறங்க வேண்டும். ஓர் இலட்சம் வீடுகளுக்கு 70 இலட்சம் கன மீற்றர். அதில் பாதியை மிச்சப்படுத்தலாம் என்றால், மிஞ்சும் தண்ணீர் தேக்கத்திலேயே நிற்கும். இங்கேதான் நீர்த்தேக்க மின்சாரத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது: பின்னிரவு 2 மணிக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதால் என்ன பயன், அப்போது கேள்வியே குறைவல்லவா என்று கேட்கப்படுவதுண்டு. அந்நேரத்தில் சுழலிக்குப் போகாத நீரை, தேக்கம் நிரம்பி வழியாத காலமெல்லாம், மறுநாள் மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்கு எடுத்து வைக்கலாம். நீர் குறைந்த மாதங்களில் அது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலோ எரிபொருளிலோ ஒரு பங்கைக் குறைக்கும்.

நாட்டின் கணக்கை விட வீட்டின் கணக்கு கூர்மையானது. 8 வாட் பெட்டி மாதத்துக்கு 5.76 அலகு எடுக்கும். இலங்கையின் வீட்டு மின் கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக உயரும் தொகுதிகளால் ஆனது. மாத நுகர்வு 60 அலகைத் தாண்டினால், குறைந்த நுகர்வோருக்கான சலுகை விகிதமே இல்லாமற்போய், முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம் அறவிடப்படும், நிலையான மாதக் கட்டணமும் உயரும். மூன்று குமிழ்கள், தொலைக்காட்சி, ஒரு மின்னழுத்தி, சோறு சமைக்கும் குக்கர் என்று 56 அலகில் நின்ற லயன் வீடொன்றுக்குப் பிள்ளையின் படிப்புக்காக ஒளியிழை வந்தால், பெட்டியின் ஏறக்குறைய 6 அலகும் சேர்ந்து கணக்கு 62 ஆகும்; பில் கூடுவது அந்த 6 அலகின் விலையால் மட்டுமன்று. பெட்டி தன் நுகர்வைப் பாதியாக்கிக்கொண்டால் அதே வீடு 59 இல் நின்றுவிடும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இந்த மூன்று அலகு பெரிது.

மூன்றாவது கணக்கு மின் தடையைப் பற்றியது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்தின் பற்றரியே 48 வோல்ட் மின்னழுத்தத்தைக் கம்பி வழியே அனுப்பியது. வீட்டில் கரண்ட் இல்லாதபோதும் தொலைபேசி பேசியது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மின்னல் அவ்வழியே வீட்டுக்குள் வராது என்பது அதன் நன்மை. தடையின்போது பெட்டி தன் சொந்தப் பற்றரியில்தான் உயிர்வாழ வேண்டும் என்பது அதன் விலை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடே இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் மலைச்சரிவுகள் பெயர்ந்தபோது, வீதிகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. 12 வோல்ட், 7 அம்பியர் மணி அளவுள்ள சாதாரணப் பற்றரியில் பெயரளவில் 84 வாட் மணி உண்டு. பழமையும் இழப்பும் போக எழுபது வீதம் கைக்கு வரும் எனக் கொண்டால் 8 வாட் பெட்டி 7 மணித்தியாலத்தில் அணைந்துவிடும், 4 வாட்டில் இயங்கும் பெட்டி ஏறத்தாழ 15 மணித்தியாலம் தாங்கும், வைஃபையையும் நிறுத்தி 2 வாட்டுக்கு இறங்கினால் ஒரு முழுப் பகலும் இரவும் கடந்துவிடும். சரிவு அபாய அறிவிப்பு ஒரு தோட்டப் பிரிவைச் சென்றடைவதும் அடையாததும் இந்த மணித்தியாலங்களில் தங்கியிருக்கக்கூடும். முன்னர் குறிப்பிட்ட 2009 ஆம் ஆண்டு ஆவணத்தின் முதல் வழியே பற்றரிக் காலத்தை முன்னிட்டு எழுந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது; சுற்றுச்சூழல் பின்னரே முன்னுக்கு வந்தது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை தொடங்கியதும் மலையக வீடுகளில் பிளக்குகளைக் கழற்றிவிடும் பழக்கம் உண்டு, அது அறிவுடைய பழக்கமே. ஆனால் இரவுதோறும் சிக்கனத்துக்காக அவ்வாறு செய்வதைத் துயில் நிலைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் பெட்டி தன் மென்பொருளை முதலிலிருந்து ஏற்றி, நிலையத்தால் கண்டறியப்பட்டு, தூரம் அளக்கப்பட்டு, அடையாளம் பெற்றாக வேண்டும். அதற்குள் நிமிடங்கள் கழிகின்றன, கழற்றியிருந்த நேரம் முழுவதும் அவ்வீட்டை எவராலும் அழைக்க முடியாது.

இவ்வளவு நன்மையிருந்தும் துயில் நிலைகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வராததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு அன்று. வீட்டுப் பெட்டியின் மின்சாரத்துக்குப் பணம் கட்டுபவர் சந்தாதாரர். அதன் உறக்கத்தை இயக்கவோ தடுக்கவோ வல்லது சேவை நிறுவனம். ஜி.988 நியமம் வகுத்த மேலாண்மைக் கட்டமைப்பில் மின் மேலாண்மைக்கெனத் தனியோர் உறுப்பே உண்டு. அதனை நிலையத்திலிருந்து இயக்காதவரை பெட்டி உறங்காது. இயக்கினால் மிச்சம் நிறுவனத்துக்கு வராது, ஆனால் தாமதம் பற்றிய முறைப்பாடு வந்துசேரும். இரு வேறு தயாரிப்பாளர்களின் முனையமும் பெட்டியும் துயில் மொழியில் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும் செலவும் அதன் தலையிலேயே விழும். பொறுப்பும் பயனும் இவ்வாறு பிரிந்து கிடக்கும் இடத்தில் நல்லெண்ணத்தை நம்பியிருப்பது போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அகலப்பட்டைக் கருவிகளின் மின் நுகர்வுக்கான நடத்தைக் கோவை, வேலையுள்ள நிலைக்கும் வேலையற்ற நிலைக்கும் தனித்தனி வாட் எல்லைகளைத் துறை துறையாக நிர்ணயித்து, நிறுவனங்களை ஒப்பமிடச் செய்தது. இந்தியாவின் பாரத்நெட் திட்டம் அரச ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த ஜிபொன் கருவிகளைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொண்டுசென்றபோது, இழை சென்ற இடத்துக்கு நிலையான மின்சாரம் செல்லாதது பெருஞ்சிக்கலாயிற்று. கடைக்கோடியில் பெட்டியின் மின்பசியே சேவையின் எல்லையாகிறது என்பதற்கு அது அண்டை நாட்டுச் சான்று.

நிலையப் பக்கத்தைப் பற்றிச் சிறிதே சொல்ல இடமுண்டு. நிலைய முனையத்தின் ஒவ்வொரு துறையும் 64 வீடுகளுக்குச் சேவை செய்தாலும் 6 வீடுகளுக்குச் செய்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தையே உண்ணும். சந்தாதாரர் ஐதாகப் பரவிய தோட்டப் பகுதியில் வீடொன்றுக்கு விழும் பங்கு அதனால் கூடுகிறது. நான்கு அலைநீளங்களைக் கொண்ட ஜி.989 முறையில், இரவில் எல்லாப் பெட்டிகளையும் ஓர் அலைநீளத்துக்கு நகர்த்தி ஏனைய மூன்றை அணைக்கலாம். பழைய ஜிபொன்னில் அவ்வழி இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் நுவரெலியாவிலோ வேறொரு சேமிப்பு இயல்பாகவே காத்திருக்கிறது: கொழும்பு நிலையங்களில் குளிரூட்டிக்குப் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதியை அங்கே வெளிக்காற்றைக் கொண்டே தவிர்க்கலாம்.

செய்யத்தக்கது கேள்விப்பத்திரத்தில் தொடங்குகிறது. பெட்டிகளைக் கொள்வனவு செய்யும்போது, முழுப் பாவனை, வேலையற்ற விழிப்பு, சுழற்சித் துயில் ஆகிய மூன்று நிலைகளிலும் சுவர்ச் செருகியில் அளந்த வாட் அளவை விற்பனையாளர் எழுத்தில் தர வேண்டும். வைஃபை நின்ற நிலையின் அளவு தனியாக வேண்டும். துயிலிலிருந்து எழும் நேரம் மில்லிசெக்கனில் குறிக்கப்பட வேண்டும். மின்குமிழ்களுக்கு வலுச் சிக்கன முத்திரை வழங்கிய இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் வரம்புக்குள் இப்பெட்டிகளையும் கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது என்றே தோன்றுகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கரண்ட் நின்றதும் பெட்டி தானாக மின் குறைப்புக்கு இறங்கி, தொலைபேசியையும் அவசர அறிவிப்பையும் மட்டும் காக்க வேண்டும் என்பதைச் சேவை நிபந்தனையாக்கலாம். ஹற்றன் நிலையத்தின் ஒரே துறையில் உள்ள வீடுகளில் 50 மில்லிசெக்கன் உறக்கத்தோடு மூன்று மாதம் சோதித்து, மின்மானியின் வாசிப்பையும் முறைப்பாடுகளின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நியமப்படி துயில் வசதி அமைந்த பெட்டிகளில் மேலாண்மை உறுப்பின் ஒரு பெறுமானத்தை மாற்றினாற் போதும்.